காஸ் அடுப்பு: கசிவும் வால்வுத் தேய்வும் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணை, புதுச் சிலிண்டர் பூட்டின நாள் தொட்டு இலேசாக காஸ் மணக்குது. எங்கே பார்ப்பது?

பதில்: ரெகுலேட்டர் இணையும் இடத்தில். அங்குள்ள ரப்பர் வளையம் நசிந்திருக்கலாம். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலக்குங்கள். அடுப்பின் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, அந்த இணைப்பிலும் ஹோசின் இரு கிளிப்புகளிலும் பிரஷ்ஷால் பூசி ஒரு நிமிடம் பாருங்கள். பெரிய கசிவு நுரையை ஊதித் தள்ளிவிடும். சின்னக் கசிவு மா போல வெள்ளையாய்ப் பூக்கும், கண்ணுக்குத் தப்புவது அதுதான். நெருப்புக்குச்சி பிடித்துப் பார்க்கவே கூடாது. வளையம்தான் என்றால் நோண்டாமல் சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள். கடற்காற்றில் கிளிப் கறள் பிடிக்கும், அதனால் சோதித்து முடிந்ததும் நுரையைத் துடைத்து விடுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): நுரை ஒன்றும் வரவில்லை. ஆனாலும் காலையில் குசினி மணக்கிறது.

பதில்: அப்படியென்றால் அடுப்புக்குள்ளே. அடுப்பு ஆறியிருக்கும்போது ரெகுலேட்டரை மூடி, உடனே ஒரு பர்னரைப் பற்றவைத்து, ஹோசில் மிஞ்சிய காஸ் எத்தனை விநாடி எரிகிறது என்று எண்ணுங்கள். குமிழை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, மறுபடி மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். இப்போது பற்றவைத்தால் குறைவாக எரிந்தாலோ பற்றாமலே போனாலோ கசிவு உண்டு. எந்தக் குமிழ் என்று அறிய, ரெகுலேட்டரைத் திறந்து குமிழ்களை மூடியபடி, பர்னர் மூடியைக் கழற்றி ஜெட்டின் (காஸ் வெளிவரும் சின்னத் துளை உள்ள முனை) நுனியில் ஒரு துளி நுரைத் தண்ணீர் வையுங்கள். நுரைக் குமிழி எழும்பினால் அந்தக் குமிழுக்குள் இருக்கும் வால்வு சரியாக மூடவில்லை. ஜெட் எல்லாம் சுத்தம் என்றால் குமிழின் தண்டடியில் பூசிப் பாருங்கள்.

கேள்வி (தெஹிவளை): குமிழ் இறுகிப் போச்சு. தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. உள்ளே கூம்பு வடிவப் பித்தளை அடைப்பான் ஒன்று சுழல்கிறது. அதன் கிரீஸ் காய்ந்தால் இறுகும். பலமாய்த் திருகினால் பித்தளை கீறுபடும், கீறின வழியே காஸ் வரும். சமையல் எண்ணெய் சூட்டில் பிசினாகிவிடும். வெப்பம் தாங்கும் காஸ் வால்வு கிரீஸைத் துவாரம் அடைபடாமல் மெல்லப் பூச வேண்டும், அதுவும் வேலை தெரிந்தவர் கையால். ஒரு வால்வின் அடைப்பானை இன்னொன்றில் போட்டால் பொருந்தாது, ஒவ்வொன்றும் தன் கூட்டுக்கென்றே தேய்த்துச் செய்தது. கீறல் தெரிந்தால் முழு வால்வையும் மாற்றுங்கள். குமிழ் வெறுமனே ஆடினால் பிளாஸ்டிக் துளை தேய்ந்திருக்கும், பயமில்லை.

கேள்வி: சிலிண்டர் முடியும் நேரம் மணம் கூடுவது ஏன்?

பதில்: மணப்பொருள் மெதுவாக ஆவியாவதால் அடியில் தங்கிச் செறிகிறது. ஆனாலும் ஒருமுறை நுரை பூசிப் பாருங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி, நாலாம் மாடி): இரவில் பலமாக மணத்தால்?

பதில்: சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிக் கதவுகளைத் திறவுங்கள்; காஸ் காற்றைவிடப் பாரம், தரையோடு படியும். லிஃப்ட் பட்டனையும் தொடாமல் படியால் இறங்கி, வெளியே போன பிறகு தீயணைப்புச் சேவைக்கு (இலங்கையில் 110) எடுங்கள்.