புறாத்தீவில் ஸ்னார்க்கெலிங்: கேட்டவையும் பதில்களும்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது புறாத்தீவு. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தார்கள். அங்கே மூழ்காமல் மிதந்தபடி முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைகளை, பார்க்க வர நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

அண்ணா, டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு வரலாமா?

வேண்டாம். வாடைக் காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், தண்ணீரும் கலங்கிக் கிடக்கும். போட் ஓடினாலும் கீழே ஒன்றும் தெரியாது. மே தொடங்கி செப்டெம்பர் வரை நல்ல காலம். வந்தால் காலையில் முதல் போட்டிலேயே ஏறிவிடுங்கள். நேரம் போகப் போக ஆட்களும் கூடுவார்கள், காற்றும் எழும்பும்.

எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டால் போதுமா?

மிதக்கப் போதும். பதறாமல் இருப்பதற்குப் பழக்கம் வேண்டும். தீவுக்குப் போகும் முன் நிலாவெளியிலேயே இடுப்பளவு தண்ணீரில், மணல் தரையில் பழகுங்கள். முகத்தைக் கவிழ்த்து, வாயில் கவ்விய மூச்சுக் குழாய் வழியே மெதுவாக மூச்சு விடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் ஒரே மூச்சில் பலமாக ஊதித் தள்ளுங்கள். இந்த ஒன்றைப் பழகாதவர்கள்தான் தண்ணீர் புகுந்ததும் பயந்து, காலை ஊன்றி எழும்புகிறார்கள். அங்கே காலுக்குக் கீழே இருப்பது மணல் இல்லை, முருகைக்கல். தனியாக மட்டும் இறங்க வேண்டாம்.

மாஸ்க்குக்குள் தண்ணீர் வருகிறது, ஆவியும் படிகிறது.

வாடகைக்கு எடுக்கும்போதே பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் சரியான அளவு. மீசையும், உள்ளே சிக்கிய முடியும் தண்ணீரை விடும். ஆவிக்குக் கண்ணாடியின் உட்பக்கம் கொஞ்சம் எச்சில் தடவி அலசினால் போதும்.

சுறா இருக்கிறதாமே, கடிக்காதா?

இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் பலர் வருகிறார்கள். துடுப்பு நுனியில் மை தொட்டதுபோல் கறுப்பாக இருக்கும் சின்னச் சுறா. வளர்ந்தது ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் வரும். ஆழமில்லாத தண்ணீரிலேயே சுற்றும், ஆளைக் கண்டால் விலகிப் போகும். துரத்தாதீர்கள், தீனி போடவே போடாதீர்கள். மனிதக் கையில் தின்று பழகிய சுறா விலகிப் போகாது.

உண்மையில் கவனிக்க வேண்டியது பெரிய கிளாத்தி மீனை. முட்டை இட்டிருக்கும் காலத்தில் கூட்டுக்கு மேலே நீர்மட்டம் வரை விரிந்து போகும் இடம் முழுவதையும் தன்னுடையது என்று காக்கும். பாய்ந்து வந்தால் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

முருகைக்கல்லில் ஒரு நிமிடம் நின்றால் என்ன? கல்தானே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். தொடாமல் கிட்டப் போய்ப் பாருங்கள். மான்கொம்பு மாதிரிக் கிளைத்திருக்கும் வகையில், கிளை முழுக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் தெரியும். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஓர் உயிர். கல்லை மூடியிருக்கும் மெல்லிய தசைதான் அந்த உயிர். தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலை வைத்துச் சமைத்துக் கொடுப்பதுதான் அதன் பெரும்பங்குச் சாப்பாடு. கால் பட்டால் தசை நசுங்கும், அந்தப் புண்ணில் வேறு பாசி படரும், நோய் பிடிக்கும். கிளை வகைகள் வருடத்துக்குப் பத்து, இருபது சென்ரிமீற்றர் கூட வளரும். உருண்டைப் பாறைபோல் தெரிபவை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஒரு மீற்றர் உயரத்தில் ஒன்றைக் கண்டால் அதற்குக் கிட்டத்தட்ட நூறு வயது. அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும்.

காலில் மாட்டும் துடுப்பும் கெடுக்கும். கிளையை முறிக்கும், கிளப்பும் மணல் போய் முருகையை மூடும். வயிறு உரசும் அளவுக்குத் தண்ணீர் குறைந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

சன்ஸ்க்ரீன் பூசலாமா?

ஒக்ஸிபென்சோன், ஒக்டினொக்ஸேட் என்ற இரசாயனங்கள் உள்ளவை வேண்டாம். முருகைக்குக் கெடுதல் என்று அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் இவை கலந்தவற்றின் விற்பனைக்கு 2021 முதல் தடை போட்டிருக்கிறது. முழுக்கைச் சட்டையோடு இறங்குவது எல்லாவற்றையும் விட நல்லது. முதுகு வெயிலில் கிடப்பது தண்ணீரின் குளிர்ச்சியில் தெரியவே தெரியாது.

கரையில் உடைந்த துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஞாபகத்துக்கு ஒன்று எடுக்கலாமா?

கூடாது. தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போவது குற்றம். அந்தத் துண்டுகள்தான் தீவின் கரையே.

நான் இராமேஸ்வரத்துக்காரன். இங்கே மன்னார் வளைகுடாத் தீவுகளில் இப்படி இறங்க முடியாதா?

அந்த 21 தீவுகளும் 1986இல் அறிவித்த கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. அந்தக் கட்டுப்பாடு சரிதான் என்பது என் எண்ணம்.

போன தடவை வெள்ளையாக ஒரு முருகையைப் பார்த்தேன். செத்துவிட்டதா?

பளிச்சென்ற வெள்ளையா, அல்லது மேலே பச்சையும் பழுப்புமாகப் பாசி படர்ந்திருந்ததா? பாசி படர்ந்திருந்தால் அந்தப் பகுதி செத்தது. பளிச்சென்ற வெள்ளை என்றால் உயிர் இன்னும் இருக்கலாம். கடல் வழமையை விடச் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் முருகை நுண்பாசியை வெளியே தள்ளிவிடும், நிறம் போய்விடும். சீக்கிரம் சூடு தணிந்தால் தேறும். 1998இல் ஹிக்கடுவை உட்பட இலங்கையின் பல இடங்களில் முருகைகள் வெளிறிச் செத்தன, திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. ஆனால் வெள்ளை எல்லாமே சூட்டால் வந்ததும் இல்லை. முள்முடி நட்சத்திர மீன் தசையைத் தின்றுவிட்டுப் போன இடமும் வெள்ளையாகத்தான் தெரியும். அடுத்த முறை பார்த்தால் தேதியோடு படம் எடுத்து, டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தாரிடம் காட்டுங்கள்.