டைல்ஸ் தரையில் ஆடும் ஸ்பீக்கர் ஸ்டாண்ட்

வணக்கம். டைல்ஸ் தரை, ஆறு கிலோ ஸ்பீக்கர், தொட்டாலே ஆடும் இரும்பு ஸ்டாண்ட், வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள், ஒலி அப்புறம்.

ஸ்டாண்டின் தூணைத் தட்டிப் பாருங்கள். கணகணவென்று ஒலித்தால் உள்ளே வெற்றுக் குழாய்தான், மணல் நிரப்பலாம். நான் மணலைச் சலித்து, இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, நீளப் பைகளில் கட்டி உள்ளே இறக்கினேன். ஈரம் இருந்தால் துரு பிடிக்கும். கீழ்ப்பாதி நிரம்பினால் போதும். எடை அடியில் இருப்பதுதான் நல்லது.

டைல்ஸில் கூர்முனைக் கால் வழுக்கும், கீறலும் விழும். ரப்பர் கால் மாட்டுங்கள். ஸ்பீக்கரின் நாலு மூலைக்கும் அடியில் புளூ டாக்கை (பிசைந்து ஒட்டும், மாவு போன்ற பசை) சுண்டைக்காய் அளவு உருட்டி வைத்து அழுத்துங்கள். லேசாக இடித்தால் நகராது.

உயரத்துக்கு, சோபாவில் உட்கார்ந்து தரையிலிருந்து காது வரை அளந்து பாருங்கள். ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சு ஒலிகளைத் தரும் சின்ன வட்டம்) அந்த மட்டத்தில் வர வேண்டும். காது 95 செ.மீ., ஸ்பீக்கர் அடியிலிருந்து ட்வீட்டர் 25 செ.மீ. என்றால் 70 செ.மீ. ஸ்டாண்ட் சரி.

ஸ்டாண்டின் அடித்தகடு ஸ்பீக்கரைவிடச் சிறியதா? அப்படியென்றால் மணல் போட்டும் நம்பாதீர்கள். குழந்தை பிடித்து இழுக்கும் வயது தாண்டும்வரை, ஸ்பீக்கர் எடையைத் தாங்கும் பிராக்கெட் வாங்கிச் சுவரில் மாட்டிவிடுங்கள்.