அம்மாவின் மூட்டு வலி மாத்திரை: அட்டையின் பின்பக்கம் பாருங்கள்

பாலக்கோட்டில் இருக்கும் அம்மா, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மூட்டு வலி மாத்திரையையே மாசக்கணக்கில் போடுகிறார், நெட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள்.

கம்பெனி வைத்த பெயரை விடுங்கள், அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்று இருந்தால், நாள்பட எடுக்கும்போது வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் பாதிக்கலாம், பிரஷரும் ஏறலாம். பல அட்டைகளில் கூடவே பாராசிட்டமால் 325 மி.கி. என்றும் இருக்கும், அது தெரியாமல் காய்ச்சலுக்குத் தனியாக இன்னொரு பாராசிட்டமால் போட்டு அளவைக் கூட்டிவிடுகிறார்கள். டைக்ளோஃபெனாக் என்றால் அந்தப் பெயரை மெட்லைன்பிளஸ் தளத்தில் தேடுங்கள், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, எளிய ஆங்கிலம்தான். சிரமம் என்றால் அரசின் மருத்துவ உதவி எண் 104க்குப் போன் போட்டுத் தமிழிலேயே கேட்கலாம்.

அப்புறம், நம்ம தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். வருஷக்கணக்கில் குடித்தால் முட்டியும் முதுகும் இறுகி, வாத வலி மாதிரியே இருக்கும், மாத்திரை அதைச் சரிசெய்யாது. அம்மா குடிப்பது ஒகேனக்கல் திட்டத்தில் வரும் ஆற்றுத் தண்ணீரா போர் தண்ணீரா என்பதைத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தயவுசெய்து சொல்லுங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்ட்டும் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனால் வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், அப்போது மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாமல் உடனே கூட்டிப் போங்கள்.