சிமுலேஷனில் இரும்பு இழப்பு ஏன் குறைவாக வருகிறது?

கேள்வி: 8 துருவ நிரந்தரக் காந்த மோட்டார், நிமிடத்துக்கு 6000 சுற்று. இரும்பு மையத்தை அடுக்கிய ஒவ்வொரு தகட்டின் தடிமனும் 0.35 மி.மீ. தயாரிப்பாளர் தந்த 50 ஹெர்ட்ஸ் இழப்பு வளைவிலிருந்து ஸ்டைன்மெட்ஸ் குணகங்களை (அதிர்வெண், காந்தப்பாய அடர்த்தியிலிருந்து இழப்பைக் கணக்கிடும் சூத்திரத்தின் எண்கள்) எடுத்து, 2டி ஃபைனைட் எலிமென்ட் சிமுலேஷனில் (மோட்டாரின் குறுக்குவெட்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) கொடுத்தேன். இரும்பு இழப்பு, அதாவது இரும்பு மையத்தில் வெப்பமாக வீணாகும் ஆற்றல், சுமையில்லாமல் ஓட்டி அளந்த இழப்பில் பாதிதான் வருகிறது. ஸ்டேட்டருக்கு (மோட்டாரின் சுழலாத பகுதி) மின்கடத்துதிறன் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: கொடுக்காதீர்கள். 2டி மாதிரியில் மின்னோட்டம் அச்சின் திசையில்தான் ஓடும். நிஜத்தில் சுழல் மின்னோட்டம் (மாறும் காந்தப்புலம் இரும்புக்குள் தூண்டும் மின்னோட்டம்) ஒவ்வொரு தகட்டின் தடிமனுக்குள்ளேயே சுற்றுகிறது. கடத்துதிறன் கொடுத்தால் மென்பொருள் ஸ்டேட்டரை ஒரே இரும்புக் கட்டியாக எடுத்துக்கொள்ளும். வரும் எண் உங்கள் மோட்டாருடையது அல்ல. கடத்துதிறனைச் சுழியாகவே விட்டு, களத்தைத் தீர்த்த பிறகு இழப்பைக் கணக்கிடுங்கள்.

முதல் சந்தேகம் அந்த 50 ஹெர்ட்ஸ் வளைவின் மேல்தான். 8 துருவம், 6000 சுற்று என்றால் அடிப்படை அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ். தகட்டின் மின்தடை எண் 0.5 மைக்ரோ ஓம் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், காந்தப்பாய அடர்த்தியின் உச்சம் 1 டெஸ்லா எனில் சுழல் மின்னோட்ட இழப்பு 50 ஹெர்ட்ஸில் கிலோவுக்கு சுமார் 0.13 வாட். 400 ஹெர்ட்ஸில் அது 8.4 வாட், அதாவது 64 மடங்கு. காந்தத் தயக்க இழப்பு (இரும்பின் காந்தத் திசையை மாற்றி மாற்றித் திருப்புவதில் வீணாவது) 8 மடங்குதான் ஏறும். ஒரே அதிர்வெண்ணில் அளந்த வளைவில் இரண்டும் கலந்தே கிடக்கும், பிரிக்க வழியில்லை.

ஆகவே 50 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை பல வளைவுகளைக் கேட்டு வாங்குங்கள். சுழல் மின்னோட்டக் குணகத்தைத் தரவிலிருந்து தேடாமல், தடிமன், மின்தடை எண், அடர்த்தி ஆகியவற்றிலிருந்து நேரடியாகக் கணக்கிட்டு நிலைநிறுத்துங்கள். தயக்கத்தையும், இயற்பியலாளர் பெர்ட்டோட்டி சொன்ன, இந்த இரண்டிலும் அடங்காத கூடுதல் இழப்பையும் மட்டும் வளைவுகளோடு பொருத்துங்கள். மூன்று குணகங்களையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டால் ஏதாவது ஒன்று எதிர்மறையாகப் போய் நிற்கும். கோடு அழகாகப் பொருந்தும், இயற்பியல் இருக்காது. ஸ்டைன்மெட்ஸ் 1892-இல் காந்தப்பாய அடர்த்திக்குச் சொன்ன 1.6 என்ற அடுக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். ஸ்டேட்டரின் பற்களில் (கம்பிச்சுருள்களுக்கு இடையே நீட்டிய இரும்புப் பகுதிகள்) 1.5 டெஸ்லா தாண்டும்போது அது போதாது.

அப்புறம் அலைவடிவம். பல்லில் காந்தப்பாய அடர்த்தி சைன் அலையாக இருப்பதில்லை. 5-ஆவது ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வெண்ணின் 5 மடங்கில் உள்ள கூறு) அடிப்படை அலையின் அளவில் 10 சதவீதம்தான் என்றாலும், சுழல் மின்னோட்ட இழப்பை அது 25 சதவீதம் கூட்டிவிடும். உச்ச மதிப்பை மட்டும் சூத்திரத்தில் போட்டால் இந்த 25 காணாமல் போகும். ஒவ்வொரு எலிமென்ட்டிலும் காந்தப்பாய அடர்த்தியின் ஆரத் திசை, தொடுகோட்டுத் திசைக் கூறுகள் இரண்டையும் ஒரு முழு மின் சுழற்சிக்குச் சேமித்து, அவை மாறும் வேகத்தின் வர்க்கச் சராசரியிலிருந்து கணக்கிடுங்கள். ரோட்டருக்கு, அதோடு சேர்ந்து சுழலும் ஆயத்தில் இதைச் செய்ய வேண்டும். பல்முனையில் மெஷ் (எலிமென்ட்களின் வலை) நெருக்கமாக இருக்கட்டும்.

இழப்பின் எண் கிலோவுக்கா கன மீட்டருக்கா, ஒரு துருவத்துக்கா முழு மோட்டாருக்கா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிமுலேஷன் குறைவாகவே காட்டும். தகட்டின் இழப்பை அளக்கும் எப்ஸ்டைன் சோதனையின் துண்டு 30 மி.மீ. அகலம், உங்கள் பல் அதைவிடக் குறுகலாக இருந்தால், பஞ்ச் செய்து வெட்டிய விளிம்பின் சேதம் பல்லின் அகலத்தில் பெரும்பங்கைப் பிடித்துவிடும். இதற்காகவே பலர் 1.5 போன்ற ஒரு திருத்தக் காரணியால் பெருக்குகிறார்கள். அதைக் கடைசியில் மட்டும் செய்யுங்கள் என்பேன். முதலிலேயே பெருக்கினால் மேலே சொன்ன பிழைகளெல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

உங்கள் அளவீட்டையும் சோதித்தாக வேண்டும். சுமையில்லா இழப்பில் பேரிங் உராய்வு, காற்று உராய்வு, காந்தங்களுக்குள் ஓடும் சுழல் மின்னோட்டம் எல்லாம் சேர்ந்தே இருக்கும். காந்தமேற்றாத ரோட்டர் ஒன்றைப் பொருத்தி அதே வேகத்தில் வெளியிலிருந்து சுழற்றினால் உராய்வு தனியாகக் கிடைக்கும். அதைக் கழித்த எண்ணோடுதான் சிமுலேஷனை ஒப்பிட வேண்டும்.