மழை வந்தால் டென்டுக்குள்ளேயே கேஸ் அடுப்பு பற்றவைக்கலாமா?

கொடைக்கானல் குளிரில், அதுவும் மழையில், இந்தக் கேள்வி வருவது சகஜம்தான். ஆனால் வேண்டாம். டென்ட் துணி நொடியில் பற்றிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசமானது, மூடிய இடத்தில் அடுப்பு எரியும்போது சேருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. நிறமில்லை, வாசனையில்லை, லேசாகத் தலை வலிக்கும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், நடந்த களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவோம். குளிர்காய கரி அடுப்பை உள்ளே கொண்டுபோவதும் இதே கதைதான், கங்கு சாம்பல் பூத்திருந்தாலும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும்.

அப்புறம், பக்கவாட்டில் கேஸ் டப்பா செருகுகிற அடுப்பில் வீட்டுத் தோசைக்கல்லை வைக்காதீர்கள். கல் டப்பாவுக்கு மேலேயும் நீட்டிக்கொண்டு சூட்டைக் கீழே அடிக்கும், உள்ளே அழுத்தம் ஏறி டப்பா வெடிக்கலாம். ஒருமுறை நண்பர் ஒருவர் காற்றுக்கு மறைப்பாக அடுப்பைச் சுற்றிக் கல் அடுக்கிவிட்டார். சாதாரணமாக எரியும்போது சில்லென்று இருக்க வேண்டிய டப்பா, தொட்டுப் பார்த்தால் கையைச் சுட்டது! உடனே அணைத்துவிட்டோம், அன்றைக்கு ராத்திரி ரொட்டியும் ஜாமும்தான்.

டப்பா மாற்றுவதை வெளியே, நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். கசிவு சந்தேகமா, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும், தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வேலை வேண்டாம்.

ரயிலில் போகிறீர்கள் என்றால் கேஸைக் கொண்டுபோகவே கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது, உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரால்தான்.