வரைபடத்தில் கட்டைகளை நகர்த்திப் போரை ஆடிப் பார்க்கும் வார் கேம் விளையாடுவது சிறுபிள்ளைத்தனமா? ராணுவத்தில் உண்மையிலேயே இப்படிப் பயிற்சி உண்டா?

உண்டு. சிறுபிள்ளைத்தனமும் இல்லை. "இந்த வயசுல பொம்மைக் கப்பலா" என்று உங்கள் வீட்டிலும் யாரோ கேட்டிருக்கிறார்கள் போல. எனக்கு அந்தப் பேச்சு பழகிவிட்டது.

1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய (பழைய ஜெர்மன் அரசு) ராணுவ அதிகாரி, தன் அப்பா உருவாக்கிய விளையாட்டைத் திருத்தி, வரைபடம், சிவப்பு நீலக் கட்டைகள், பகடை, நடுவர் என்று ஒழுங்குபடுத்தினார். பிரஷ்ய ராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவர் முஃப்லிங் அதைப் பார்த்துவிட்டுப் படைக்கே சிபாரிசு செய்தார். நம் ராணுவத்தில் சேண்ட் மாடல் என்று மண்ணிலேயே மேடு பள்ளம் அமைத்துத் திட்டம் போடுவார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் மாமா. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதே, அதைத்தான் ஆடினோம். மச்சான் எம்டனோடு மொட்டை மாடியில், நான் துறைமுகத்தோடு கீழே ஹாலில். ஆளுக்கொரு சார்ட் பேப்பர். மாமாதான் நடுவர். படியேறி இறங்கி, என் கண்ணுக்கு எட்டுவதை மட்டும் சொல்வார். "கிழக்கே ஒரு கப்பல். கொடி தெரியல. ரெண்டு நிமிஷம் டைம், சொல்லு." கரை விளக்கை அணைத்தால் உள்ளே வரும் நம் சரக்குக் கப்பல் தடுமாறும். அணைக்காவிட்டால் வருபவன் குறி பார்க்க அதுவே போதும். நிஜத்தில் அன்றிரவு விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. அந்த ரெண்டு நிமிஷத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. அரைகுறைத் தகவலை வைத்து முடிவெடுக்கப் பழகுவதுதான் இதில் இருக்கும் பயிற்சி.

இவன் போரை ரசிக்கிறான் என்பார்கள். இல்லை. அன்றைக்கு இங்கே ஆட்கள் செத்திருக்கிறார்கள், அதை மறந்துவிட்டு ஆடவில்லை.

அப்புறம், நடுவரை வளைத்தால் எல்லாம் வீண். 1942-இல் ஜப்பானியக் கடற்படை பசிபிக் கடலில் உள்ள மிட்வே தீவின் மீதான தாக்குதலை ஒத்திகை பார்த்தபோது, தங்கள் விமானந்தாங்கிக் கப்பல்கள் அடிபட்டதாக வந்த தீர்ப்பை மேலதிகாரி உகாகி குறைத்துவிட்டார். ஜூனில் நிஜமாகவே நான்கு மூழ்கின.

இன்னொரு ஆதங்கம். ஞாயிறு மட்டும் மேசை போட்டுக்கொள்ளப் பக்கத்தில் ஒரு பொது அறை கேட்டோம். பகடையைப் பார்த்ததும் "சூதாட்டத்துக்கு இடமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். வரைபடத்தை விரித்துக் காட்டியும் கேட்கவில்லை. வடசென்னைப் பையன்கள் கையில் பகடை இருந்தால் சூதாட்டம்தான் என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள்? இப்போதும் மொட்டை மாடியில்தான் ஆடுகிறோம். மழை வந்தால் ஆட்டம் இல்லை.