ஒரே புரொசெசருக்கு எழுதிய இன்லைன் அசெம்பிளி ஒரு தொகுப்பியில் இயங்கி, மற்றொன்றில் பிழை காட்டுவது ஏன்?

பணிசெயல் முறைமைகள் போன்றவற்றின் சி நிரலுக்கு நடுவே, புரொசெசருக்கான கட்டளைகளை நேரடியாகச் செருகி எழுதுவதே இன்லைன் அசெம்பிளி. புரொசெசர் ஒன்றானாலும், அக்கட்டளைகளைச் செருகும் முறையைச் சி மொழியின் தரநிலை வகுக்காததால், சி நிரலைப் புரொசெசர் கட்டளைகளாக மாற்றும் ஒவ்வொரு தொகுப்பியும் தனக்கென ஒரு வழக்கை வைத்திருக்கிறது.

அம்பாறையில் சேனாநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்து நீரை நம்பிய வயல்களில், எந்த வாய்க்கால் எப்போது யாருக்கு என்பது வட்டவிதானையாரின் கணக்கு. அவருக்குச் சொல்லாமல் ஒருவர் மடையைத் திறந்தால் வேறொருவரின் வரம்பு உடையும். தொகுப்பியும், புரொசெசருக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களை அவ்வாறே பங்கிடுகிறது. செருகிய வரிகள் எவற்றைப் படிக்கும், எவற்றை மாற்றும் என்று அதற்கு அறிவித்தாக வேண்டும். அந்த அறிவிப்பின் வடிவமே தொகுப்பிக்குத் தொகுப்பி வேறுபடுகிறது.

ஜிசிசி என்னும் தொகுப்பியின் வழக்கைக் கிளாங் என்னும் மற்றொரு தொகுப்பி பெருமளவு பின்பற்றுகிறது. ஆயினும் 2018இல் லினக்ஸ் 4.17, அசெம்பிளியிலிருந்து சி நிரலின் வேறிடத்துக்குத் தாவும் வசதியை எக்ஸ்86 வகைப் புரொசெசர் கொண்ட கணினிகளுக்குக் கட்டாயமாக்கியபோது, கிளாங்கில் அது இருக்கவில்லை. 2019இல் கிளாங் 9 வந்த பின்னரே அக்குறை நீங்கியது. மைக்ரோசொஃப்ட் தொகுப்பியோ 64-பிட் நிரல்களில் இன்லைன் அசெம்பிளியையே ஏற்பதில்லை. கடுமையான முடிவுதான், ஆனால் குழப்பமற்றது.

இன்லைன் அசெம்பிளி வரிகளுடன் ‘வோலட்டைல்’ என்ற சொல்லைச் சேர்த்தால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். அது அந்த வரிகளைத் தொகுப்பி நீக்கிவிடாமல் காக்குமே தவிர, அவை மாற்றும் ரெஜிஸ்டர்களையும் நினைவகத்தையும் தொகுப்பிக்கு அறிவிக்காது.